விளக்கெரியும் வேறொரு ஓடுபாதை





1972 செப்டம்பர் 24. லண்டனிலிருந்து டோக்கியோ செல்லும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, வழியில் பம்பாயில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகிறது. நான்கு எஞ்சின்கள் கொண்ட டி.சி.8 ரக விமானம். உள்ளே 122 பேர். சாந்தா குரூஸ் நிலையத்தில் அதற்காகக் காத்திருந்தார்கள். அது இறங்கியதோ, அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, கடற்கரையை ஒட்டியிருக்கும் ஜூஹூ விமானத் திடலில். சிறு விமானங்களுக்கான திடல் அது. பாதை தீர்ந்தும் விமானம் நிற்கவில்லை. எல்லையைத் தாண்டி ஓடி நொறுங்கியது. 11 பேருக்குக் காயம். நல்லவேளையாக ஓர் உயிரும் போகவில்லை. விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

அதே ஜூஹூவில் அதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 1953 ஜூலை 15 அன்று பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்துக் காமெட் விமானம் சாந்தா குரூஸ் என்று நினைத்து அங்கே இறங்கிவிட்டது. உலகின் முதல் ஜெட் பயணி விமானம் என்று காமெட் பெயரெடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் குட்டைப் பாதையிலிருந்து அதை மீண்டும் கிளப்பிக் கொண்டுபோக ஒன்பது நாட்கள் ஆயின.

ஜூஹூ சாமானிய இடமில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளோடு தன்னந்தனியாகப் பறந்து, அகமதாபாத் வழியாக வந்து இறங்கியது அங்கேதான். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். பம்பாய்க்கு விமான நிலையம் என்றாலே ஜூஹூ என்றிருந்த நாட்கள் அவை. பிறகு சாந்தா குரூஸ் வளர்ந்தது. பழையது போகவில்லை, புதியது பக்கத்திலேயே எழுந்தது. இரண்டின் ஓடுபாதைகளும் ஏறக்குறைய ஒரே திசையில் நீண்டு கிடக்கின்றன. வானத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றைப் போல இன்னொன்று.

இப்படியொரு செய்தி எங்கிருந்து வந்தாலும் நம்மிடையே எழுகிற கேள்வி ஒன்றுதான். இத்தனை கருவிகள், இரண்டு விமானிகள், கீழே டவரில் ஆட்கள். அத்தனை பேரையும் மீறி ஒரு விமானம் ஊர் மாறி இறங்க முடியுமா? கேட்டுவிட்டுச் சிரிக்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உண்டு. அதைத் தேடிப் போனவர்கள் கண்டெடுத்தது, விமானமே ஏறாதவர்களுக்கும் உதவக்கூடியது என்று நம்புகிறேன். இந்த மாதப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிரான்சன் என்றொரு ஊர். 2014 ஜனவரி 12, ஞாயிறு மாலை. இருட்டிவிட்டது. சிகாகோவின் மிட்வே நிலையத்திலிருந்து 124 பயணிகளோடு சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 வருகிறது. கேப்டன் அந்த ஊருக்கு வருவது அதுவே முதல் தடவை. துணை விமானி ஒரு தடவை வந்திருக்கிறார், அதுவும் பகல் வெளிச்சத்தில். பிரான்சன் விமான நிலையத்தின் ஓடுபாதை 7,140 அடி. அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில், எம். கிரஹாம் கிளார்க் என்ற சிறிய நிலையம் இருக்கிறது. தனியார் சிறு விமானங்கள் வந்து போகிற, டவர் இல்லாத இடம். அதன் பாதை 3,738 அடிதான், அதாவது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஓடுபாதைகளுக்கு எண் வைக்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். காந்த வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறதோ அதைப் பத்தால் வகுத்து எண்ணாக்குவார்கள். நேர் கிழக்கு நோக்கிய பாதை 09, நேர் மேற்கு 27. பிரான்சனில் விமானம் இறங்க வேண்டிய பாதை 14. கிளார்க் நிலையத்தின் பாதை 12. இருபது பாகைதான் வித்தியாசம். இரவில் மூக்குக்கு நேரே இரண்டு வரிசை விளக்குகள் தெரிந்தால், அது 12-ஆ 14-ஆ என்று கண்ணால் சொல்ல முடியாது.

பிரான்சன் பதினைந்து மைல் தூரத்தில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். விமானிகள் எதிரே சுழல் விளக்கையும் ஓடுபாதை விளக்குகளையும் கண்டார்கள். நிலையம் கண்ணில் பட்டுவிட்டது என்று தெரிவித்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டால், கண்ணால் பார்த்தபடியே வந்து இறங்கலாம் என்று அனுமதி கிடைக்கும். வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் உலகமெங்கும் தினமும் ஆயிரக்கணக்கான தரையிறக்கங்கள் இப்படித்தான் நடக்கின்றன. அதில் முறைகேடு எதுவும் இல்லை. பிரான்சன் நிலையத்துக்கான வழி விமானத்தின் கணினியில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது. ஆனால் இருவர் கண்களும் அதற்குள் வெளியே போய்விட்டன. கணினி காட்டிய இடத்தையும் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த விளக்குகளையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்ட பிறகே பாதை சின்னது என்று தெரிந்தது. பலம் முழுவதையும் போட்டு பிரேக்கை அழுத்தினார்கள். ரப்பர் கருகும் வாடை பயணிகளுக்கே வந்தது. பாதை முடிய சில நூறு அடி இருக்கையில் விமானம் நின்றது. அந்த முனைக்கு அப்பால் நிலம் சரிந்து இறங்குகிறது. சரிவின் அடியில் 65-ஆம் எண் நெடுஞ்சாலை. பயணிகள் பத்திரமாக இறங்கினார்கள். மறுநாள் ஒரு பயணியும் இல்லாமல், சுமையைக் குறைத்துக்கொண்டு, அதே குட்டைப் பாதையிலிருந்து அந்த விமானம் கிளம்பி ஓக்லஹோமாவின் டல்சாவுக்குப் போனது.

இதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2013 நவம்பர் 20 இரவு, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் இன்னொன்று நடந்திருந்தது. போயிங் நிறுவனம் தன் 787 விமானத்தின் பெரிய பாகங்களைச் சுமப்பதற்கென்றே 747 விமானத்தின் முதுகை உப்பவைத்து உருவாக்கிய சரக்கு விமானம் ட்ரீம்லிஃப்டர். அது போக வேண்டிய இடம் மெக்கானல் விமானப்படைத் தளம். இறங்கிய இடம், அதற்கு வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் உள்ள ஜபாரா என்ற சிறு நிலையம். விச்சிட்டா விமானத் தொழிற்சாலைகளின் ஊர். தொழிற்சாலைகளுக்கென்றே தனி ஓடுபாதைகள் உண்டு. ஜபாரா, பீச் தொழிற்சாலை, மெக்கானல் என்று வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே திசை பார்த்துக் கிடக்கின்றன. வடக்கிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படும் விளக்கு வரிசை எதுவோ, அதுவே தன்னுடையது என்று தோன்றிவிடும்.

அன்றைய இரவில் விமானிக்கும் டவருக்கும் நடந்த வானொலி உரையாடலின் பதிவு வெளியாகியிருக்கிறது. கேட்டால் மனம் கனக்கும். தாங்கள் வேறு நிலையத்தில் இறங்கிவிட்டோம் என்பது விமானிகளுக்குப் புரிந்துவிட்டது. எந்த நிலையம் என்பதுதான் தெரியவில்லை. மெக்கானல் கட்டுப்பாட்டாளர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்கிறார். விமானி தான் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துக் காட்டுகிறார். குரலில் தடுமாற்றம் கேட்கிறது. ஆனால் மறைக்கும் முயற்சி ஒரு சொல்லிலும் இல்லை.

இவை அபூர்வமா? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2014-இல் அரசு ஆவணங்களைப் புரட்டியது. அமெரிக்காவில் மட்டும், 1990-களின் தொடக்கத்திலிருந்து குறைந்தது 150 பயணி, சரக்கு விமானங்கள் தவறான நிலையத்தில் இறங்கியிருக்கின்றன அல்லது இறங்கப் போய்க் கடைசியில் சுதாரித்திருக்கின்றன. அவற்றில் உண்மையில் இறங்கியவை 35. பறந்த கோடிக்கணக்கான விமானங்களோடு பார்த்தால் இது மிகமிகக் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவை நடந்த இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

தெற்கு டகோட்டாவின் ராபிட் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஜூனில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம் அங்கே இறங்குவதற்குப் பதிலாகப் பக்கத்திலிருக்கும் எல்ஸ்வொர்த் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலை 7 அன்று, அதே ராபிட் சிட்டிக்கு வந்த டெல்டா நிறுவனத்தின் விமானம் 130 பயணிகளோடு அதே எல்ஸ்வொர்த்தில் இறங்கியது. ஜன்னல் மறைப்புகளை இழுத்துவிடச் சொன்னார்கள். ஆயுதம் தாங்கிய வீரர்கள் நாய்களோடு உள்ளே வந்து போனார்கள். பயணிகள் மணிக்கணக்கில் இருக்கையிலேயே காத்திருந்தார்கள். முதல் விமானத்தின் விமானிகள் கவனக்குறைவானவர்கள், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டால், வேறு இருவர், வேறு காலத்தில், அதே இடத்தில் அதே தவறைச் செய்ததை எப்படி விளக்குவது? அங்கே இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே திசை. வடக்கிலிருந்து வந்தால் முதலில் தெரிவது, பெரிதாகவும் நீளமாகவும் கிடக்கும் விமானப்படைப் பாதை. தப்பு அந்த நிலத்திலேயே பாதி எழுதப்பட்டிருக்கிறது.

பட்டப்பகலிலும் இது நடக்கும். 2012 ஜூலை 20 அன்று அமெரிக்க விமானப்படையின் ராட்சத சி-17 விமானம், புளோரிடாவின் மெக்டில் தளத்துக்குப் பதில், டாம்பா நகரில் 3,500 அடி அளவே பாதை உள்ள பீட்டர் ஓ. நைட் என்ற சிறு நிலையத்தில் இறங்கியது. அமெரிக்க மத்தியத் தலைமையகத்தின் தளபதி ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ் அந்த விமானத்தில் இருந்தார். மெக்டிலின் பாதைக்கும் 22 என்றே எண், நைட் நிலையத்தின் பாதைக்கும் 22. நீண்ட பயணத்தின் களைப்பும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது.

கூட்டத்தில் நம் ஆள் என்று நிச்சயமாக நினைத்து, ஓர் அந்நியரின் தோளைத் தட்டிவிடுகிறோமே, அது ஏன்? அந்த நேரத்தில், அந்த இடத்தில் அவர் வருவார் என்று எதிர்பார்த்திருந்தோம். உயரம் பொருந்தியது, சட்டை நிறம் பொருந்தியது. முகத்தை மனமே நிரப்பிக்கொண்டது. விமானிக்கு நடப்பதும் இதுதான். இந்தத் திசையில், இத்தனை நிமிடத்தில் விளக்குகள் தெரிய வேண்டும் என்று காத்திருக்கிறார். தெரிகின்றன. தேடல் அங்கே முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வரும் ஒவ்வொரு முரணுக்கும், கணினி காட்டும் தூரம் ஒத்துவராததற்கும்கூட, மனம் ஏதாவதொரு சமாதானம் சொல்லிக்கொள்ளும். உயரம் சற்று அதிகமாக இருக்கிறது, குறைத்துக்கொள்வோம் என்று தோன்றுமே தவிர, இது வேறு ஊரோ என்று தோன்றாது. பல்லாயிரம் மணி நேரம் பறந்த அனுபவசாலிக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது. இரண்டாவது ஆள் அருகில் இருப்பது இதற்காகத்தான். ஆனால் அவரும் அதே விளக்குகளைப் பார்த்து, ஆமாம், அதுதான் என்று தலையசைத்துவிட்டால், இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தும் பார்வை ஒன்றாகிவிடுகிறது.

கண் மட்டும்தான் ஏமாற்றும் என்றும் இல்லை. 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏர் ஏசியா எக்ஸ் விமானம் இறங்கிய ஊர் மெல்போர்ன். கிளம்பும் முன் கேப்டன், விமானம் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கணினியில் தட்டினார். 151 பாகை 9.8 கலை என்பதற்குப் பதிலாக 15 பாகை 19.8 கலை என்று பதிவாகிவிட்டது. சிட்னியில் நிற்கும் விமானம், ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு மேற்கே கடலில் நிற்பதாகத் தன்னை நினைத்துக்கொண்டது. பிழை 11,000 கிலோமீட்டருக்கு மேல். வழக்கமாக விமானத்தை வெளியே சுற்றிப் பார்க்கப் போகிறவர் கேப்டன், உள்ளே எண்களை ஏற்றுகிறவர் துணை விமானி. அன்று கேப்டனின் காதுக் கவசம் கிடைக்கவில்லை. அதனால் வேலையை மாற்றிக்கொண்டார்கள். கணினி எச்சரிக்கைகளைக் காட்டத்தான் செய்தது. அவை கவனத்தில் தங்கவில்லை. கிளம்பியதும் விமானம் தானாகத் தவறான பக்கம் திரும்பி, இணையான இன்னொரு ஓடுபாதையின் வழியைக் குறுக்கே கடந்தது. பறந்துகொண்டே சரிசெய்யப் போய்க் கருவிகள் மேலும் கெட்டன. சிட்னியில் மேகம் தாழ்ந்துவிட்டதால் அங்கே திரும்ப முடியாமல், வானம் தெளிந்திருந்த மெல்போர்னுக்குப் போனார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. விமானிகள் தங்கள் வேலையில் தவறாமலே, விமானம் ஊர் மாறுவது. 2019 மார்ச் 25 அன்று லண்டனிலிருந்து ஜெர்மனியின் டுசல்டார்ஃபுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறங்கினார்கள். பயணத் திட்டம் எடின்பரோ என்றே தாக்கலாகியிருந்தது; விமானிகள் கொடுத்த தாளின்படி ஒழுங்காகப் பறந்து சேர்ந்தார்கள்.

1995 செப்டம்பர் 5 அன்று டெட்ராய்ட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கிளம்பிய நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டி.சி.10 விமானத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கும். வழியில் வான்கட்டுப்பாட்டுக் கணினியில் சேருமிடம் பிரஸ்ஸல்ஸ் என்று மாறிவிட்டது. கட்டுப்பாட்டாளர்கள் அந்த விமானத்தைப் பிரஸ்ஸல்ஸை நோக்கி வழிநடத்தினார்கள். விமானிகள் அவர்களை ஃபிராங்க்ஃபர்ட் என்றே அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்முனையில் யாரும் திருத்தவில்லை. இதற்கிடையில் பயணிகள் முன்னால் இருந்த திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் பெல்ஜியத்தின் மேல் இறங்குவதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானப் பணிப்பெண்களும் பார்த்தார்கள், கடத்தலோ என்றுகூட அஞ்சினார்கள். 241 பயணிகள் இருந்த அந்த விமானத்தில் எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாதவர்கள் விமானி அறைக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். மேகத்தைக் கிழித்து வெளியே வந்தபோது, கீழே தெரிந்த நிலையத்தின் அமைப்பே வேறு என்று அவர்களுக்கு விளங்கியது. அந்தக் கட்டத்தில் பதறித் திரும்புவதைவிட இறங்கிவிடுவதே பத்திரம் என்று முடிவெடுத்து இறங்கினார்கள். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது முன்னால் போய்ச் சேரவில்லை. அந்தக் கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் முன்வந்திருந்தால் போதும்.

இவற்றில் உயிர் போகவில்லை என்பதால் இது வேடிக்கை ஆகிவிடாது. 2000 அக்டோபர் 31 இரவு, தைபேயில் சூறாவளி மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 விமானம் 05 இடது பாதையில் கிளம்ப வேண்டும். பராமரிப்பு வேலைக்காக மூடியிருந்த 05 வலது பாதையில் திரும்பி ஓடத் தொடங்கியது. அங்கே நின்றிருந்த கட்டுமான இயந்திரங்களில் மோதிச் சிதறியது. 179 பேரில் 83 பேர் மாண்டார்கள். 2017 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ஓடுபாதை என்று எண்ணி, கிளம்பக் காத்திருந்த நான்கு விமானங்கள் வரிசையாக நின்ற டாக்ஸிவேயில் இறங்க வந்தது. இணையான பாதைகளில் ஒன்று அன்றிரவு மூடியிருந்தது, விளக்கு அணைந்திருந்தது. எப்போதும் இரண்டு பாதையைப் பார்த்த கண், அணைந்ததை விட்டுவிட்டு டாக்ஸிவேயைச் சேர்த்து இரண்டாக எண்ணிக்கொண்டது. தரையில் நின்ற விமானங்களில் ஒன்றின் விமானி வானொலியில் குரல் கொடுத்தார். தரையிலிருந்து அறுபது அடி உயரம் வரை வந்துவிட்ட விமானம் மேலே எழும்பியது. நம் பக்கத்தில், 2018 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவின் மாலேக்குப் போன ஏர் இந்தியா விமானம், இன்னும் கட்டிக்கொண்டிருந்த ஓடுபாதையில் 136 பயணிகளோடு இறங்கியது. டயர்கள் வெடித்தன. அங்கே அந்த நேரம் வண்டிகளோ ஆட்களோ நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

லண்டனில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1960 அக்டோபர் 25 அன்று பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707, ஹீத்ரோவுக்குப் பதிலாக, சில மைல் வடக்கே இருக்கும் நார்தோல்ட் விமானப்படைத் தளத்தில் 41 பயணிகளோடு இறங்கிவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று பார்த்தார்கள். ஹீத்ரோவுக்கு இறங்கும் வழியில் சவுத்தால் என்ற இடத்தில் ஒரு பெரிய எரிவாயுத் தொட்டி, நார்தோல்டுக்கு இறங்கும் வழியில் தெற்கு ஹாரோவில் அதே போல இன்னொரு தொட்டி. விமானிகள் அடையாளமாக வைத்திருந்த தொட்டியே அவர்களை மாற்றி இழுத்துக்கொண்டு போனது. அதிகாரிகள் செய்தது மிக எளிய காரியம். சவுத்தால் தொட்டியின் மேல் ஹீத்ரோவைக் குறிக்க எல்.ஹெச். என்றும், ஹாரோ தொட்டியின் மேல் நார்தோல்டைக் குறிக்க என்.ஓ. என்றும், வானத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள். சில டின் பெயின்ட்! யார் தப்புச் செய்தார் என்பதோடு நிற்காமல், அடுத்து வருகிறவருக்கு எதைச் செய்து வைக்கலாம் என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

பிரான்சன் விசாரணையையும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இப்படித்தான் நடத்தியது. இருக்கிற எல்லா வழிகாட்டிகளையும் கொண்டு நிலையத்தை உறுதிசெய்யாதது விமானிகளின் தவறு என்று ஒளிக்காமல் எழுதியது. அங்கே நிறுத்தவில்லை. குழப்பம் தரக்கூடிய சிறு நிலையத்தை விமானம் தாண்டிப் போகும் முன்பே இறங்க அனுமதி கொடுத்துவிட்டால், அந்த அனுமதியே தவறான விளக்குகளுக்கு முத்திரை குத்தியது போல் ஆகிவிடுகிறது. ஆகவே, அப்படிப்பட்ட இடங்களில் விமானம் மற்ற நிலையங்களைக் கடந்த பிறகே டவர் அனுமதி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தது. விமானம் ஆபத்தான அளவு தாழ்ந்தால் கட்டுப்பாட்டாளரின் திரையில் எச்சரிக்கை எழுப்பும் மென்பொருள் ஒன்று உண்டு. ஒரு விமானம் வேறொரு நிலையத்தை நோக்கி இறங்குவதுபோல் தெரிந்தால், சரி, அங்கேதான் போகிறது போலும் என்று தானே கணக்கை மாற்றிக்கொண்டு அது மௌனமாகிவிடும்படி இருந்தது. பயணத் திட்டத்தில் எந்த ஊர் இருக்கிறதோ அந்த ஊருக்கான கணக்கையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும்படி மென்பொருளைத் திருத்துங்கள் என்றது வாரியம். விமானிகளைப் போலவே இயந்திரமும் தவறான பாதையோடு ஒத்துப்போய்விட்டதே என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

மேலே சொன்ன 150 என்ற எண்ணிக்கை எங்கிருந்து கிடைத்தது என்பதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தை நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. விமானம் வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். எவ்வளவு உயரம்வரை இறங்கலாம் என்பதில் விமானியும் கட்டுப்பாட்டாளரும் வரைபடத்தை வேறுவேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். விசாரணையில் ஓர் உண்மை வெளிவந்தது. ஆறு வாரம் முன்னால் யுனைடெட் நிறுவனத்தின் விமானமொன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் மாட்டி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள், நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்து நிறுவனத்துக்குச் செய்தி போகவில்லை. 92 பேர்.

அந்தத் துயரத்தின் பிறகு, 1976-இல், நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். விமானி, கட்டுப்பாட்டாளர், மெக்கானிக், பணிப்பெண், யாராக இருந்தாலும், தான் செய்த தவறையோ தப்பித்த ஆபத்தையோ எழுதி அனுப்பலாம். நாசாவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அதனால்தான் அதனிடம் ஒப்படைத்தார்கள். எழுதியவரின் பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டே பதிவு செய்வார்கள். வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதிவிட்டால், பெரும்பாலும் அபராதத்திலிருந்தும் விலக்கு உண்டு. இன்றுவரை பத்து லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. தவறான ஊரில் இறங்கப் போய், கடைசி நொடியில் சுதாரித்து மேலே எழும்பியவர்களின் கதைகள் அதில் ஏராளம். வெளியே ஒரு காக்கைக்கும் தெரியாமல் மறைத்திருக்கக்கூடியவை. அவர்களாக எழுதினார்கள். அந்த 150-ஐ எண்ண முடிந்தது இந்தக் கடிதங்களால்தான்.

சான்பிரான்சிஸ்கோ சம்பவத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். நடந்தது எத்தனை பெரிய ஆபத்து என்பது உரிய நேரத்தில் மேலே போய்ச் சேரவில்லை. அதற்குள் அந்த விமானம் மறுபடி பறந்துவிட்டது; விமானி அறைக் குரல் பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. அந்த இரவில் இரண்டு விமானிகளும் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இனி யாருக்கும் கேட்கக் கிடைக்காது.

தவறு செய்தவரை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பயணிகளின் உயிர் கையில் இருக்கிறவருக்குப் பொறுப்பு உண்டு. பிரான்சன் சம்பவத்தின் விமானிகளைப் பணியிலிருந்து விலக்கிவைத்து விசாரித்தார்கள், அது முறைதான். என் அக்கறை வேறு. நம் ஊர் அலுவலகங்களில், ஆஸ்பத்திரிகளில், தொழிற்சாலைகளில், பள்ளிகளில் ஒருவர் தன் பிழையை ஒப்புக்கொண்டு வாய் திறந்தால் அவருக்கு முதலில் கிடைப்பது என்ன? மெமோ. பிறகு இடமாற்றம். பக்கத்தில் இருக்கிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள், பாடம் படித்துக்கொள்கிறார்கள்: பேசாதே. மருந்துச் சீட்டை மாற்றிப் படித்த நர்ஸ் சொல்லாமல் விட்டால், ஒரே மாதிரி அட்டையில் வரும் இரண்டு மருந்துகளும் அடுத்தடுத்த தட்டில் அப்படியே இருக்கும். அடுத்த ஷிப்டில் இன்னொரு கை அதே தட்டுக்கு நீளும். அங்கே எல்.ஹெச்., என்.ஓ. எழுத யாருக்கும் தோன்றாது. தொட்டி ஒன்றுபோல் இருப்பதே யாருக்கும் தெரியாதே.

மீனம்பாக்கத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கிறது. கோவை பீளமேட்டிலிருந்து கிழக்கே போனால் சூலூர் தளம். இரவில் சென்னைக்கோ கோவைக்கோ வந்து இறங்கும்போது நாம் ஜன்னலில் பார்க்கிற விளக்கு மாலைகளுக்கு நடுவே, நமக்கான ஒன்றை ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் பிரித்தறிந்து, ஒருவருக்கொருவர் கேட்டு உறுதிசெய்து, நம்மைக் கொண்டுசேர்க்கிறார்கள். கீழே டவரில் ஒருவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் இந்தப் பக்கத்தின் வழியாக என் நன்றி.

நம் வாசகர்களில் விமானத் துறையில் இருக்கிறவர்கள் உண்டு. ரயில் ஓட்டுகிறவர்கள், செவிலியர்கள், மின்வாரியத் தோழர்கள், ஆய்வக ஊழியர்கள் உண்டு. உங்கள் வேலையில் ஒன்றுபோலத் தோன்றி உங்களைக் குழப்பிய இரண்டு பொருள்கள் எவை? இரண்டு ஸ்விட்சா, இரண்டு பாட்டிலா, இரண்டு பெயரா? அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு என்ன மாற்றினீர்கள்? ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாமென்றால் கடிதத்தின் மேலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ஊர், நிறுவனம், பெயர் மூன்றையும் நீக்கிவிட்டே அச்சுக்குக் கொடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்